முதலைக்குக் கிட்டின சொந்தம்

ஒவ்வொரு வருஷமும் கல்லூரியில் புது விலங்கியல் வகுப்பின் முதல் நாளில் விஸ்வேஸ்வரன் கரும்பலகையில் மூன்று படங்கள் போடுவார். ஒரு பல்லி, ஒரு முதலை, ஒரு கோழி. அவருக்குப் படம் வரைய வராது. பல்லிக்கும் முதலைக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விடும் என்று முதலைக்குக் கீழே தண்ணீர் மாதிரி இரண்டு கோடு இழுத்துவிடுவார். பிறகு கையிலிருக்கும் சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே கேட்பார்: மற்ற இரண்டில் முதலைக்குக் கிட்டின சொந்தம் எது? வகுப்பு மொத்தமும் பல்லி என்னும். அந்தத் தப்பான பதிலுக்காகவே ஒரு வருஷம் காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்துவிடும். கோழி என்பார்.

பிறகு விளக்கம். பல்லிக்கும் முதலைக்கும் செதில் இருக்கிறது, நாலு கால் இருக்கிறது, இரண்டும் தரையோடு தரையாகத் தவழ்கின்றன. இருக்கட்டும். அதெல்லாம் மூன்று பேருக்கும் பொதுவான ஏதோ ஒரு பாட்டன் வைத்துவிட்டுப் போன பழைய சொத்து. கோழியின் முன்னோர்களிடமும் அது இருந்தது. அவர்கள் முன்னங்காலை இறக்கையாக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். பழைய சொத்து கையில் இருப்பதை வைத்து யாருக்கு யார் நெருக்கம் என்று தீர்மானிக்கக் கூடாது. பல்லியின் கிளை பிரிந்து போன பிறகு, மற்ற இருவரும் புதிதாகச் சேர்த்துக்கொண்டது என்ன என்று பார்க்க வேண்டும். முதலைக்கும் கோழிக்கும் இதயத்தில் நாலு அறை. பல்லிக்குக் கிடையாது. அங்கேதான் உறவு தெரிகிறது.

பாடம் ஆங்கிலத்தில் நடக்கும், கேலி மலையாளத்தில் நடக்கும். தமிழ் அவருக்கு வீட்டிலும், அடுத்த வீட்டுச் சிநேகிதர் வெங்கிட்டுவிடமும் மட்டும்தான்.

தொழில் அவரை வெளியிலும் விடவில்லை. கொச்சியில், மட்டாஞ்சேரியில் அவர்கள் தெருவில் யார் வீட்டிலாவது குழந்தை பிறந்து, அப்படியே தாத்தா மூக்கு என்று யாராவது சொல்லிவிட்டால், மூக்கு ஒரு சான்றே ஆகாது என்று ஆரம்பித்துவிடுவார். தொட்டில் போடும் நாளில் அவரை ஒரு ஓரமாக உட்காரவைத்து, வாய் ஓயாதபடி பாயசம் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

அவருடைய ஆராய்ச்சி கப்பல் புழுவைப் பற்றியது. தோணியின் அடிப்பலகையைத் துளைத்துத் தின்னும் பிராணி. பார்த்தால் சாட்சாத் புழு. ஆனால் புழு இல்லை, சிப்பி வகை. தலைமாட்டில் நகக்கண் அளவுக்கு இரண்டு ஓடுகள் இருக்கும், அவற்றால்தான் மரத்தை அரைக்கிறது. எந்தக் கப்பல் புழு எந்தக் கப்பல் புழுவிலிருந்து கிளைத்தது என்று அவர் பல வருஷம் பாடுபட்டு ஒரு பெரிய கட்டுரை எழுதினார். உலகத்தில் அதை முழுக்கப் படித்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருக்கலாம். அதில் பாதிப் பேர் தப்பு கண்டுபிடிப்பதற்காகப் படித்தவர்கள்.

வெங்கிட்டு அந்தக் கணக்கில் சேர்த்தியில்லை. அவர் படிக்கவில்லை, கேட்டார். ஏலூரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்த வீட்டு மாடியில் தனியாக இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை. விஸ்வேஸ்வரன் பலகைத்துண்டு பொறுக்க இடக்கொச்சியில் தோணி பழுது பார்க்கும் இடங்களுக்குப் போகும்போதெல்லாம் குடை பிடித்துக்கொண்டு கூடவே போவார். அங்கே தச்சர்கள் புழு என்பார்கள், விஸ்வேஸ்வரன் அது சிப்பி என்று நின்று விளக்குவார். வெங்கிட்டு தச்சரின் தோளில் கை வைத்து, "இப்போதைக்குச் சிப்பின்னு சம்மதிச்சுடுங்கோ சேட்டா. இவர் அந்த வளைவு திரும்பினதும் பழையபடி புழு ஆயிடும்" என்பார்.

இருவரும் பார்ப்பதற்கு ஒன்றுபோல இருப்பார்கள். அதே கூனல், அதே நீளக் காது, காது விளிம்பில் அதே முடி. கொச்சங்காடி முக்கில் சாயாக்கடை வைத்திருக்கும் அப்பு சேட்டன், அவர்கள் சேர்ந்து வந்த முதல் நாளே, "சேட்டனும் அனியனும் ஆணல்லே?" என்று கேட்டார். அண்ணன் தம்பிதானே என்ற அந்தச் சாதாரணக் கேள்விக்கு விஸ்வேஸ்வரன், உருவ ஒற்றுமை உறவுக்குச் சான்றாகாது என்று கப்பல் புழுவை உதாரணம் காட்டி, சாயா ஆறும்வரை பேசினார். அப்பு சேட்டன் பொறுமையாகக் கேட்டுவிட்டு வெங்கிட்டுவைப் பார்த்தார்.

"நான் சேட்டன்தான்" என்றார் வெங்கிட்டு. "இவர் சம்மதிக்க மாட்டார்."

அதன்பின் யார் கேட்டாலும் வெங்கிட்டுவின் பதில் அதுதான். இவர் சம்மதிக்க மாட்டார்.

அந்தக் கடையில்தான் ஒரு தடவை அவசரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பு விழுந்த சாயா வந்தது. அப்பு சேட்டனின் மனசு நோகும் என்று வெங்கிட்டு சொல்லவில்லை. வெங்கிட்டு சொல்லவில்லையே, தன் நாக்கில்தான் ஏதோ கோளாறு என்று விஸ்வேஸ்வரனும் சொல்லவில்லை. கடைசி மடக்குவரை குடித்துவிட்டு வெளியே வந்த பிறகுதான் இருவருக்கும் சிரிப்பு வந்தது. பிற்பாடு இருவருக்கும் சர்க்கரை வியாதி என்று டாக்டர் சொன்னதும், வெங்கிட்டு கடைக்குப் போய் இரண்டு உப்புச் சாயா கேட்டார். அப்பு சேட்டன் விளையாட்டு என்று நினைத்தார். அதுவே வழக்கமாகிவிட்டது.

வெங்கிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இறந்துபோனார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்குச் சாப்பாடு விஸ்வேஸ்வரன் வீட்டில்தான். சாப்பிட வரலாம், பருப்பும் தேங்காயும் சேர்த்த மொளகூட்டல் ஆகிவிட்டது என்று சொல்ல, விஸ்வேஸ்வரனின் மனைவி மாதுரி மாடிப்படி ஏறிப் போனாள். கதவு சாத்தியிருக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தபடியே, மடியில் அன்றைய பத்திரிகையோடு போயிருந்தார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, தூக்கத்தில் போவதற்கு அடுத்தபடி இதுதான் நல்ல சாவு என்றார்.

தெருக்காரர்கள் வந்தார்கள், குளிர்பெட்டி வந்தது. பிறகு ஹரிநாராயண வாத்யாருக்குப் போன் போட்டார்கள். தெருவில் நல்லது கெட்டது எல்லாவற்றையும் நடத்திவைப்பவர் அவர்தான். வேறொரு வீட்டில் திவசத்தில் இருந்தார். மத்தியானம் வருவதாகச் சொன்னார். போனை வைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார். "கர்த்தா யாரு? பிள்ளை இல்லை, சகோதரா இல்லை. தாயாதி யாராவது உண்டான்னு விசாரிச்சு வைங்கோ."

கொள்ளி வைத்துக் காரியம் செய்ய ஒருத்தர் வேண்டும், அவர்தான் கர்த்தா. தாயாதி என்றால் அப்பன் வழியில் ஒரே கொடியில் வந்தவர்கள், பங்காளிகள். அவர்களுக்குத்தான் அந்த உரிமையும், பத்து நாள் தீட்டும். மற்றவர்களுக்கு உறவுக்குத் தகுந்த மாதிரி குறைந்துகொண்டே போகும். உறவே இல்லாத சிநேகிதனுக்குத் தலையோடு ஒரு ஸ்நானம், தீர்ந்தது.

விஸ்வேஸ்வரன் போனை வைத்தார். தெருவில் எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். யார் யாரிலிருந்து பிரிந்தார்கள் என்று மரம் போடுவதுதானே அவர் பிழைப்பு.

"நான் போட்டுப் பாக்கறேன்" என்றார்.

போன மாதக் காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பம்பாயில் வெங்கிட்டுவுக்கு ஒரு பெரியப்பா பிள்ளை இருந்ததாகக் கேள்வி. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், அவருக்குப் பெண்கள்தான் என்று பாலக்காட்டுப் பக்கம் கொடுவாயூரில் ஒரு கிழவர் போனில் சொன்னார். அந்தக் கிளை அங்கே முடிந்தது. நியாயமாக விஸ்வேஸ்வரன் அங்கேயே பேனாவை மூடியிருக்க வேண்டும்.

மூடவில்லை. வெங்கிட்டுவின் முன்னோர்கள் கொடுவாயூர் கிராமம். விஸ்வேஸ்வரனின் முன்னோர்களும் கொடுவாயூர். வெங்கிட்டு பாரத்வாஜ கோத்திரம். விஸ்வேஸ்வரனும் பாரத்வாஜம். இரண்டு குடும்பத்துக்கும் குலதெய்வம் ஒன்று. விஸ்வேஸ்வரனின் கொள்ளுத்தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்து, சின்ன வயசில் கோபித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டதாக வீட்டில் ஒரு கதை உண்டு. வெங்கிட்டுவின் கொள்ளுத்தாத்தா எங்கிருந்தோ வந்து சேர்ந்தவர் என்று வெங்கிட்டுவே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். எங்கேயோ போனவருக்கும் எங்கிருந்தோ வந்தவருக்கும் நடுவில் விஸ்வேஸ்வரன் ஒரு புள்ளிக்கோடு போட்டார். நிச்சயமில்லாத உறவுக்குப் புள்ளிக்கோடுதான் போட வேண்டும் என்பது அவர் துறையில் முறை. மேலும் இரண்டு மூன்று தடவை பேனா அதே இடத்தில் போய்வந்ததில், புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து, கோடு முழுசாகிவிட்டது.

மாதுரி காபி கொண்டுவந்து வைத்தாள். தாளைப் பார்த்தாள்.

"என்னாக்கும் இது?"

"வெங்கிட்டு எனக்குத் தாயாதி. நான் நெனைச்சே பாக்கலை."

"காத்தாலவரை இல்லையே."

"காத்தாலவரை நான் வரைஞ்சு பாக்கலையே" என்றார் விஸ்வேஸ்வரன். பிறகு, சொல்லக் கூடாததையும் சொன்னார். "காதைப் பாரு. என் காதும் அவன் காதும்."

மாதுரி அவர் காதைப் பார்த்தாள். தொட்டில் தொட்டிலாகப் போய் மூக்கு சான்றாகாது என்று சொன்ன மனுஷன். அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். பண்ணிய மொளகூட்டலை மூடி வைக்கிற சத்தம் கேட்டது.

மத்தியானம் திருச்சூரிலிருந்து அம்ருதா வந்தாள். அவர்களுடைய ஒரே பெண்; அங்கே ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு வருஷம் அப்பாவிடமே மாணவியாக உட்கார்ந்தவள். அந்த வருஷப் பரீட்சையில் பல்லியையும் முதலையையும் ஒரே கிளையில் போட்டுவிட்டாள். விஸ்வேஸ்வரன் மூன்று மார்க் குறைத்தார். குறைத்தது போதாமல், அவள் விடைத்தாளையே எடுத்து, பழைய பொதுச்சொத்தை நெருங்கிய உறவுக்குச் சான்றாகக் காட்டுகிறவர்களுக்கு இந்தத் துறையில் இடமில்லை என்று வகுப்பில் படித்துக் காட்டினார். வெங்கிட்டு அதைக் கேள்விப்பட்டு அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரம் அப்பு சேட்டன் கடையில் உப்புச் சாயாவை ஆளுக்கொரு மூலையில் குடித்தார்கள்.

அம்ருதா வெங்கிட்டுவின் மாடிக்குப் போய், மாமா மாமா என்று அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கீழே வந்தாள். அப்பா தாளை அவள் பக்கம் திருப்பிவைத்தார். அவர் பேசிக்கொண்டே போனார். கோத்திரம், கிராமம், குலதெய்வம், ஓடிப்போன தம்பி. அம்ருதா கடைசிவரை கேட்டாள்.

"அப்பா."

"சொல்லு."

"இது மூணு மார்க் போற ஆன்ஸர்."

விஸ்வேஸ்வரன் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கோத்திரம் எப்பத்தெ சொத்து? எத்தனை தலைமுறைக்கு முன்னாடி உள்ளது?" அம்ருதா குரலை உயர்த்தவில்லை. "இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு அது உண்டு. கொடுவாயூர் பாதிப் பேருக்கு உண்டு. எல்லாருக்கும் இருக்கறதை வெச்சு ரெண்டு பேரை மட்டும் கிட்டக் கொண்டுவர முடியாதுன்னு எனக்குச் சொல்லிக்கொடுத்தது யாரு?"

"அது பல்லி விஷயம்" என்றார் விஸ்வேஸ்வரன்.

"செரி. உங்க ரெண்டு பேருக்கும் மட்டும் உள்ளது, வேற ஆருக்கும் இல்லாதது ஒண்ணு சொல்லுங்கோ. புதுசா வந்தது. ஒண்ணு போதும்."

விஸ்வேஸ்வரன் யோசித்தார். பாரத்வாஜ மகரிஷிவரை போய்த் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை.

"உப்புச் சாயா" என்றாள் மாதுரி சமையலறையிலிருந்து.

விஸ்வேஸ்வரன் தாளை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். உப்புச் சாயாவைக் காட்டி எந்த வாத்யாரிடம் கொள்ளிச்சட்டி வாங்க முடியும்? ஞாயிற்றுக்கிழமை தலைக்கு ஊற்றிக்கொண்டு, திங்கட்கிழமை வகுப்புக்குப் போய், பல்லி படம் போட வேண்டியதுதான் தன் விதி என்று நினைத்தார். உலகத்தில் உள்ள உயிர்களையெல்லாம் வம்சம் ஒன்றை மட்டுமே வைத்துப் பிரிக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் கத்தியவருக்கு அந்த விதியைக் குறை சொல்லவும் வழியில்லை.

ஆனாலும் வாத்யார் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்ததும், அவர் கை தானாகப் போய்த் தாளைப் பிரித்து நீட்டியது. அம்ருதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஹரிநாராயண வாத்யார் விஸ்வேஸ்வரனைவிட வயசில் சின்னவர். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"இந்தக் கோடு ஏன் இத்தனை தடியா இருக்கு?"

"அது... உறுதியான சம்பந்தம்."

"ஆரு சொன்னா?"

விஸ்வேஸ்வரன் பேனாவை எடுத்து மூடினார்.

"மாமா, பாரத்வாஜம், கொடுவாயூர்னு பாத்தா நானும் உங்களுக்குத் தாயாதிதான். நேத்திவரைக்கும் நீங்க என்னை ஒரு சாயாவுக்குக்கூடக் கூப்பிடலை" என்றார் வாத்யார். "இதுக்கெல்லாம் பத்து நாள் காக்க ஆரம்பிச்சா வருஷம் முழுக்கத் தெருவுல ஒரு கல்யாணம் நடக்காது. நீங்க தாயாதி இல்லை."

"செரி" என்றார் விஸ்வேஸ்வரன்.

"அப்போ ஆரு பண்ணப்போறா? பம்பாய்ல ஆளில்லை. இங்கே ஆளில்லை."

"நீங்கதான் சொல்லணும்."

வாத்யார் கண்ணாடியை மூக்குக்கு இறக்கி அவரை நேராகப் பார்த்தார். "நீங்க பண்ணலாமே."

"நான்தான் தாயாதி இல்லையே."

"அதனால என்ன? தாயாதி இல்லேன்னா பந்துக்கள். அதுவும் இல்லேன்னா சிஷ்யன் பண்ணலாம், சிநேகிதன் பண்ணலாம். சிநேகிதன்னு தனியாவே சொல்லியிருக்கு. பண்றவாளுக்குப் பத்து நாளும் உண்டு. என்னமோ கள்ள ஆதாரம் உண்டாக்கறாப்ல இத்தனை கோடு போட்டேளே, எங்கிட்டே ஒரு வார்த்தை கேக்கப்படாதோ?"

கேட்கத் தோன்றவில்லை. சிநேகிதன் என்று ஒரு வகை இருக்கிறது, அதற்கென்று வரிசையில் ஒரு இடம் இருக்கிறது என்பது அவர் மரத்தில் எந்தக் கிளையிலும் இல்லை. இருக்கிற ஒரு பெட்டியில் எப்படியாவது தன்னைத் திணித்துக்கொள்ளத்தான் பார்த்தார். இடக்கொச்சித் தச்சர்கள் செய்வதும் அதுதான். நீளமாக, மெத்தென்று இருக்கிறதா, புழுவில் போடு. அவர்களையாவது மன்னிக்கலாம். அவர்கள் அதற்குச் சம்பளம் வாங்கவில்லை.

"வாத்யாரே" என்றாள் மாதுரி, "அந்தத் தாளை இங்கே கொடுங்கோ. அடுப்புப் பக்கம் வேலை இருக்கு அதுக்கு."

சாயங்காலம் எல்லாம் முறைப்படி நடந்தது. விஸ்வேஸ்வரன் ஈர வேஷ்டியோடு உட்கார்ந்திருந்தார். சங்கல்பத்தில் இறந்தவர் தனக்கு என்ன உறவு என்று சொல்லி ஆரம்பிக்க வேண்டும். மகன் என்றால் என் தகப்பனாருக்கு என்று சொல்வான். வாத்யார் சமஸ்கிருதத்தில், என் சிநேகிதனுக்கு என்று எடுத்துக்கொடுத்தார். விஸ்வேஸ்வரன் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. கப்பல் புழுக்களின் முழநீள லத்தீன் பெயர்களைத் தடங்கலில்லாமல் சொல்கிற வாய்.

"இன்னொரு தடவை" என்றார் வாத்யார். "தெளிவா."

மூன்றாவது தடவைதான் வந்தது. கூட்டத்தில் பின்னாலிருந்து யாரோ, பாவம், கூடப் பிறந்தவர் போலிருக்கிறது என்று முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது. திரும்பி விளக்கம் சொல்ல வேண்டும் என்று தோன்றவேயில்லை. அவர் அறிந்து அதுதான் முதல் தடவை.

பத்து நாளும் கழிந்தன. தலையையும் மீசையையும் எடுத்துவிட்டு, காது மட்டும் முன்னைவிடப் பெரிதாகத் தெரிய, விஸ்வேஸ்வரன் ஒரு சாயங்காலம் கொச்சங்காடிப் பக்கம் நடந்தார். போக வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேதான் போனார். பெஞ்சில் லாட்டரி விற்கிறவன் ஒருவன் உட்கார்ந்திருந்தான், ஊருக்குப் புதிது. அவர் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தான்.

"ஆரா மரிச்சே?" என்று, இறந்தது யார் என்பதை மலையாளத்தில் கேட்டான். பிறகு அவனே, "சேட்டனாயிருந்நோ?" என்றான்.

விஸ்வேஸ்வரன் தயாராகத்தான் இருந்தார். இத்தனை வருஷம் சம்மதிக்காமல் இருந்தாகிவிட்டது. இன்றைக்கு யார் கேட்டாலும் ஆமாம், அண்ணன்தான் என்று சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் முடிவு செய்துகொண்டு வந்திருந்தார். அதற்காக வாயைத் திறந்தார்.

"அல்ல" என்றார் அப்பு சேட்டன், பாய்லருக்குப் பின்னாலிருந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல். "கூட்டுக்காரனாணு."

கூட்டுக்காரன் என்றால் அவர்கள் ஊரில் சிநேகிதன். விஸ்வேஸ்வரன் வாயை மூடிக்கொண்டார். ஒரே கேள்விக்கு இரண்டாவது தடவையும் தப்பான பதில் சொல்லப் பார்த்திருக்கிறார். முதலில் வாத்யார் திருத்தினார், இப்போது சாயாக்கடைக்காரர். அம்ருதாவிடம் இதைச் சொல்லக் கூடாது. சொன்னால் இன்னும் மூன்று மார்க் போகும்.

அப்பு சேட்டன் கிளாஸை அவர் முன்னால் வைத்தார். சர்க்கரை டப்பாவைத் தள்ளிவிட்டு உப்புக் கிண்ணத்தை எடுத்தவர், ஒரு சிட்டிகையை விரலிடுக்கில் வைத்துக்கொண்டு, போடட்டுமா என்பது போல அவர் முகத்தைப் பார்த்தார்.

"போடுங்கோ" என்றார் விஸ்வேஸ்வரன்.